பக்கத்து ஊர் சோலாரில் ஒரு பங்கு: பில் குறையும், பசுமை யார் கணக்கில்?

நியூ ஜெர்சி அபார்ட்மென்ட் கதவுகளில் செருகிவிட்டுப் போகிற நோட்டீஸ்களில் இப்போதெல்லாம் இப்படி ஒரு வாசகம் இருக்கும்: "கூரை வேண்டாம், முன்பணம் வேண்டாம், உங்கள் வீட்டுக்கு 100 சதவீதம் சூரிய மின்சாரம், பில்லில் 15 சதவீதம் மிச்சம்." கம்யூனிட்டி சோலார், அதாவது வேறெங்கோ இருக்கும் சோலார் திட்டத்தில் பங்கு எடுக்கும் சந்தாவுக்கான விளம்பரம் இது. கூரை வேண்டாம் என்பது உண்மை. முன்பணமும் பெரும்பாலும் கிடையாது. மிச்சமும் சொன்னபடி கிடைத்துவிடும். நடுவில் நிற்கும் அந்த 100 சதவீதம்தான் இடிக்கிறது. அந்த மின்சாரத்தைப் பசுமை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பெரும்பாலான திட்டங்களில் சந்தாதாரருக்கு வருவதே இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே அது வேறு கைக்குப் போயிருக்கும்.

சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், கூரையில் மர நிழல் விழுகிற வீட்டுக்காரருக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் பணத்துக்காகச் சேர்வது ஒன்று, பசுமைக்காகச் சேர்வது இன்னொன்று. இரண்டும் ஒரே சந்தாவில் கிடைப்பது அபூர்வம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் கிடங்கின் கூரையிலோ, மூடப்பட்ட குப்பைமேட்டின் மீதோ சில மெகாவாட் சோலார் பேனல்களைப் போடுகிறது. மின்சாரம் அருகிலுள்ள லைனில் ஏறி, பக்கத்தில் யார் விளக்கைப் போட்டிருக்கிறார்களோ அங்கே போய்ச் செலவாகிறது. உங்கள் வீட்டுக்கென்று தனிக் கம்பி எதுவும் இல்லை. உங்கள் பங்குக்கு அந்த மாதம் எத்தனை யூனிட் விளைந்ததோ, அதற்கான தொகையை உங்கள் மின் நிறுவனம் உங்கள் பில்லில் வரவு வைக்கிறது. அந்த வரவில் பேசிய தள்ளுபடியை நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியைத் திட்டத்தை நடத்துபவருக்குக் கட்டுகிறீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

வாஷிங்டன் மாநிலத்தின் எல்லென்ஸ்பர்க் நகரம் 2006இல் தொடங்கியதையே அமெரிக்காவின் முதல் கம்யூனிட்டி சோலார் என்பார்கள். கொலராடோ 2010இலும் மினசோட்டா 2013இலும் சட்டம் கொண்டுவந்தன. நியூ ஜெர்சி 2018ஆம் ஆண்டின் சட்டத்தை வைத்து முதல் சோதனைச் சுற்றில் 45 திட்டங்களையும் இரண்டாம் சுற்றில் 105 திட்டங்களையும் தேர்ந்தெடுத்தது. 2023இல் அதை நிரந்தரத் திட்டமாக்கியது. ஒரு திட்டம் 5 மெகாவாட்டைத் தாண்டக் கூடாது. நல்ல விளைநிலத்தில் போட அனுமதி இல்லை. டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்குகளின் கூரையெல்லாம் பேனலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தாதாரர்களில் 51 சதவீதம் பேர் குறைந்த அல்லது நடுத்தர வருமானக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

உங்கள் பங்கு எவ்வளவு என்பதைக் கடந்த 12 மாதப் பில்லை வைத்துக் கணக்கிடுவார்கள். நியூ ஜெர்சி வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். மாதம் 600 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு ஆண்டுத் தேவை 7,200 யூனிட். அதற்கு 6 கிலோவாட் பங்கு போதும். ஒரு யூனிட்டுக்கு 16 சென்ட் வரவு, 15 சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்க வரவு 1,152 டாலர். அதில் உங்களுக்கு மிஞ்சுவது 172 டாலர் 80 சென்ட். மாதத்துக்கு 14 டாலருக்குச் சற்று மேல். பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் ஒரு ஆணியைக்கூட அடிக்கவில்லை.

இந்த 14 டாலர் மாதாமாதம் ஒரே அளவில் வராது. குழப்பம் தொடங்குவது இங்கேதான். கிடங்குக் கூரையில் பேனலைக் கிட்டத்தட்டப் படுக்கையாக, 10 டிகிரி சாய்வில்தான் வைப்பார்கள். காற்று தூக்காமல் இருக்க வேண்டும்; வரிசைக்கு வரிசை நிழல் விழாமலும் இருக்க வேண்டும். அந்தச் சாய்வில் ஜூனில் உங்கள் 6 கிலோவாட் சுமார் 810 யூனிட் தரும். டிசம்பரில் 330 யூனிட்டோடு நின்றுவிடும். ஜூனில் வரவு 129 டாலர் 60 சென்ட், மிச்சம் 19 டாலர் 44 சென்ட். டிசம்பரில் வரவு 52 டாலர் 80 சென்ட், மிச்சம் 7 டாலர் 92 சென்ட். குளிர்காலத்தில் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு பில்லைப் பார்த்ததும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று கத்துவது இதனால்தான். 12 பில்லையும் கூட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இன்னொரு சிக்கல், வரவு தாமதமாக வருவது. ஜூனில் விளைந்த மின்சாரத்துக்கான வரவு ஜூலைப் பில்லிலோ ஆகஸ்ட் பில்லிலோதான் ஏறும். சந்தா நிறுவனம் தனியாகப் பில் அனுப்பும் ஏற்பாடாக இருந்தால், வரவு ஏறும் முன்பே அவர்களுடைய ஆட்டோபே உங்கள் வங்கிக் கணக்கில் கைவைத்துவிடலாம். அந்த மாதம் இரண்டு பக்கமும் முழுத் தொகை போகும். இதற்கு மருந்து ஒரே பில் முறை: மின் நிறுவனமே வரவிலிருந்து சந்தாவைக் கழித்துக்கொண்டு, தள்ளுபடியை மட்டும் பில்லில் காட்டும். நியூயார்க்கில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. மின் நிறுவனம் அதற்கு வரவில் 1 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நியூ ஜெர்சியும் இந்த வழிக்கு வந்துவிட்டது. இரண்டு சலுகைகள் முன்னால் இருந்து ஒன்றில் மட்டும் ஒரே பில் முறை என்றால், தள்ளுபடி ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலும் அதையே எடுங்கள். மாதாமாதம் இரண்டு பில்லை ஒத்துப் பார்க்கும் தலைவலிக்கு அந்த ஒன்றிரண்டு சதவீதம் ஈடாகாது.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, விலை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. "வரவில் இத்தனை சதவீதத் தள்ளுபடி" என்றால் கவலை குறைவு. வரவு ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு ஒரு பங்கு மிஞ்சும். "யூனிட்டுக்கு 12 சென்ட், ஆண்டுக்கு 2.5 சதவீத உயர்வு" என்று இருந்தால் கால்குலேட்டரை எடுங்கள். 12 சென்ட் பத்து ஆண்டில் 15.36 சென்ட் ஆகிறது. பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் 16.1 சென்ட்டைத் தொடும். வரவு 16 சென்ட்டிலேயே நின்றுவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு யூனிட்டுக்கும் நீங்கள் கையிலிருந்து போட்டுக் கட்டுகிறீர்கள். ஒப்பந்தமோ 20, 25 ஆண்டு. தொடக்க காலத் திட்டங்களில் இத்தகைய ஒப்பந்தங்கள் ஏராளம். விற்பவர் "மின் கட்டணம் என்றைக்காவது குறைந்திருக்கிறதா?" என்று கேட்பார். உங்கள் பில்லில் உள்ள கட்டணம் குறையாமல் இருக்கலாம். வரவு விகிதம் தனி விதிப்படி நிர்ணயமாகிறது, அது குறையலாம்.

அடுத்து, வெளியேறும் விதி. எத்தனை நாள் முன்னறிவிப்பு, அபராதம் உண்டா, வீடு மாறினால் பங்கு கூடவே வருமா என்று பாருங்கள். பங்கு உங்களோடு வர, புதிய வீடும் அதே மின் நிறுவனத்தின் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். பி.எஸ்.இ. அண்ட் ஜி. பகுதியிலிருந்து ஜே.சி.பி. அண்ட் எல். பகுதிக்குப் போனால், தூரம் இரண்டு மைல்தான் என்றாலும் சந்தா முடிந்தது. ஒரே நிறுவனத்துக்குள் வீடு மாறினாலும் கணக்கு எண் மாறும். அதை சந்தா நிறுவனத்திடம் சொல்ல மறந்தால் வரவு பழைய, மூடிய கணக்கைத் தேடிக்கொண்டு போகும். அதைத் திரும்பப் பிடிக்க மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். பில்லில் உள்ள பெயரும் சந்தாவில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் நிற்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. பில் கணவர் பெயரில் இருக்க, மனைவி பெயரில் சந்தா எடுத்தாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

பங்கைத் தேவைக்கு மேல் வாங்கவும் வேண்டாம். மினசோட்டாவில் ஆண்டு உபயோகத்தில் 120 சதவீதம் வரை எடுக்கலாம் என்று விதி இருந்தது. எடுக்க அனுமதி இருப்பதாலேயே எடுப்பது சரியல்ல. மிஞ்சும் வரவு அடுத்த மாதத்துக்கு நகரும், அதுவரை சரி. ஆண்டுக் கணக்கு முடியும்போது மீதி இருப்பதை மொத்த விலையில் தள்ளிவிடுவதோ அழித்துவிடுவதோ சில மாநிலங்களில் நடக்கிறது. அந்த யூனிட்டுகளுக்கு நீங்கள் கட்டிய சந்தா மட்டும் திரும்பி வராது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற ஆண்டா, பழைய ஏ.சி.யை மாற்றப் போகிறீர்களா? பங்கை 80, 90 சதவீதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார் மின்சாரத்துக்கு மாறினால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். மாதந்தோறும் கட்டும் நிரந்தரக் கட்டணத்தை இந்த வரவு அழிக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பில் பூஜ்யமாகும் என்று எவராவது சொன்னால், மாதிரிப் பில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கதவைத் தட்டி வருபவரிடம் மின் பில்லை நீட்டும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: அவர் விற்பது கம்யூனிட்டி சோலார் சந்தாவா, அல்லது மின்சாரத்தையே வேறு சப்ளையரிடம் மாற்றும் ஒப்பந்தமா? பில்லில் உள்ள கணக்கு எண் இருந்தாலே சப்ளையரை மாற்றிவிட முடியும். பசுமைப் படம் போட்ட நோட்டீஸ் இரண்டு வியாபாரத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இனி பசுமைக்கு வருவோம்.

மின்சாரம் லைனில் ஏறிய பிறகு அது நிலக்கரியிலிருந்து வந்ததா, வெயிலிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் உற்பத்தியின்போதே ஒரு சான்றை உருவாக்கி, அதைத் தனியே விற்க வழி செய்திருக்கிறார்கள். அதுதான் ஆர்.இ.சி., புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்று. 1 மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட்டுக்கு ஒரு சான்று. சூரிய மின்சாரத்துக்கென்று தனியாக வருவதை எஸ்.ஆர்.இ.சி. என்பார்கள். சான்று யாரிடம் இருக்கிறதோ அவர்தான் "நான் பசுமை மின்சாரம் பயன்படுத்தினேன்" என்று சொல்ல முடியும். வெயில் யார் கூரையில் அடித்தது என்பதைப் பொறுத்து இது மாறாது.

சான்று பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். திட்டத்தின் இன்வெர்ட்டர்களுக்குப் பின்னால் வருமானக் கணக்குக்கு ஏற்ற துல்லியமுள்ள மீட்டர் ஒன்று இருக்கும். மாத முடிவில் அதன் ரீடிங் அந்த வட்டாரத்தின் சான்றுப் பதிவேட்டுக்குப் போகும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து வட்டாரத்துக்கு பி.ஜே.எம். கேட்ஸ், நியூ இங்கிலாந்துக்கு நீபூல் ஜி.ஐ.எஸ்., மினசோட்டா பக்கம் எம்-ரெட்ஸ், மேற்கு மாநிலங்களுக்கு ரீஜிஸ். ஒரு மாதம் 712.6 மெகாவாட் மணி விளைந்தால் 712 சான்றுகள் பிறக்கும். மீதி 600 யூனிட் அடுத்த மாதத்தோடு சேரும். ஒவ்வொரு சான்றுக்கும் தொடர் எண் உண்டு. எந்த நிலையம், எந்த மாநிலம், எந்த ஆற்றல், எந்த மாதத்து உற்பத்தி என்ற விவரங்கள் அதோடு ஒட்டியிருக்கும். சான்றை வாங்கியவர் கடைசியில் அதை ரிட்டயர் செய்கிறார். அதன் பிறகு அதை யாரும் யாருக்கும் விற்க முடியாது.

கோளாறு வருவது பெரும்பாலும் இந்த மீட்டர் முனையில்தான். சி.டி. எனப்படும் மின்னோட்ட மாற்றி 400:5 ஆக இருக்க, மீட்டரில் 200:5 என்று பதிந்துவிட்டால் பாதிச் சான்றுகள் பிறக்காமலேயே போகும். எண்கள் இடம் மாறினால் இரண்டு மடங்கு பிறக்கும். அது இதைவிட மோசம், ஏனென்றால் விற்ற சான்றைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். சி.டி.யைத் திருப்பி மாட்டினால் ரீடிங் மைனஸில் ஓடும். மீட்டரை மாற்றிவிட்டுப் புது மீட்டரின் தொடக்க எண்ணைப் பதிவேட்டில் சொல்லாமல் விட்டால், அந்த மாதக் கணக்கே நிராகரிக்கப்படும். 2022இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, பழைய 3ஜி மோடத்தை நம்பியிருந்த சோலார் மீட்டர்கள் ஊமையாகிவிட்டன. பேனல் ஓடிக்கொண்டிருக்கும், ரீடிங் மட்டும் வராது. இன்வெர்ட்டர் காட்டும் மொத்தத்தையும் மீட்டர் மொத்தத்தையும் மாதம் ஒருமுறை ஒத்துப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை முதல் மாதத்திலேயே மாட்டிக்கொள்ளும். 2, 3 சதவீத வித்தியாசம் இயல்பு. 10 சதவீதம் என்றால் ஆளை அனுப்ப வேண்டியதுதான்.

இந்தச் சான்றுக்கு ஏன் விலை? பல மாநிலங்களில் மின்சாரம் விற்பவர்கள் தங்கள் விற்பனையில் குறிப்பிட்ட பங்கைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் நிறைவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை நிரூபிக்கும் வழி சான்றுகளை வாங்கி ரிட்டயர் செய்வது. வாங்காவிட்டால் ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் அபராதம். அதனால் அபராதத் தொகையே விலைக்கு உச்சவரம்பாகிவிடுகிறது. வாஷிங்டன் டி.சி.யில் அபராதம் 2023 வரை 500 டாலர். நிலம் குறைவு, கூரை குறைவு, சான்று குறைவு என்பதால் அங்கே சான்றின் விலையும் அந்த உயரத்தை ஒட்டியே ஓடியது. நியூ ஜெர்சியில் நடந்தது நேர்மாறு. 2011இல் ஒரு எஸ்.ஆர்.இ.சி. 600 டாலருக்கு மேல் போனது. அந்த விலையைப் பார்த்து எல்லோரும் பேனல் போட்டார்கள். பேனல் விலையும் சரிந்துகொண்டிருந்தது, மத்திய அரசின் ரொக்க மானியமும் இருந்தது. 2012இல் விலை 100 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 600 டாலரை நம்பிக் கடன் வாங்கியவர்கள் திண்டாடினார்கள். அதே ஆண்டு ஜூலையில் சட்டத்தைத் திருத்திக் கட்டாய அளவை முன்னுக்கு இழுத்த பிறகுதான் சந்தை மெல்ல மூச்சு விட்டது. மாநிலம் 2020 ஏப்ரல் இறுதியில் பழைய எஸ்.ஆர்.இ.சி. முறையைப் புதியவர்களுக்கு மூடியது. 2021இல் வந்த எஸ்.ஆர்.இ.சி.-2 முறையில் சந்தை ஏற்ற இறக்கம் இல்லை. நிர்ணயித்த தொகை 15 ஆண்டுக்கு.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 5 மெகாவாட் கூரைத் திட்டம் ஆண்டுக்கு 6,000 மெகாவாட் மணி, அதாவது 6,000 சான்றுகள் தரும். சான்றுக்கு 90 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,40,000 டாலர். இதை அடகாகக் காட்டித்தான் வங்கிக் கடனே வாங்குகிறார்கள். உங்களுக்குத் தரும் 15 சதவீதத் தள்ளுபடியும் இந்தப் பணத்தின் துணையோடுதான் வருகிறது. அப்புறம் எப்படிச் சான்றை உங்களுக்கும் தருவார்கள்?

மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான், வழிகள்தான் வேறு. மாசசூசெட்ஸின் ஸ்மார்ட் திட்டத்தில் ஊக்கத்தொகை வாங்கும் நிலையத்தின் சான்றுகள் மின் விநியோக நிறுவனத்துக்குப் போகின்றன. இலினாயில் மாநில மின்சார முகமை ஏற்பாடு செய்யும் ஒப்பந்தங்கள் மூலம் மின் நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன. சந்தா எடுக்கும் முன் நீங்கள் கையெழுத்திடும் விவரப் படிவத்திலேயே இது எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. மினசோட்டாவின் எக்ஸெல் எனர்ஜி மின் நிறுவனப் பகுதியில் தொடக்க காலத் திட்டங்களுக்கு ஒரு தேர்வு இருந்தது: சான்றை எக்ஸெலுக்கு விற்றால், 250 கிலோவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு யூனிட்டுக்கு 2 சென்ட், அதற்குட்பட்டவற்றுக்கு 3 சென்ட் கூடுதல். விற்காமல் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். கையில் வரும் 2 சென்ட்டை விட்டுவிட்டுச் சான்றை வைத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

உங்கள் ஒப்பந்தத்தில் சான்று யாருக்கு என்று கண்டுபிடிக்க, பி.டி.எஃப். கோப்பில் "என்விரான்மென்டல் ஆட்ரிப்யூட்ஸ்" (Environmental Attributes, சுற்றுச்சூழல் பண்புகள்) என்ற சொற்களைத் தேடுங்கள். அந்தப் பத்தியில்தான் எல்லாம் இருக்கும். அங்கே "ஆப்பரேட்டருக்கே உரியது" என்றிருந்தால் உங்களுக்கு எதுவும் இல்லை. "சந்தாதாரர் பெயரில் ரிட்டயர் செய்யப்படும்" என்றிருந்தால் அபூர்வமான ஒப்பந்தம் கையில் கிடைத்திருக்கிறது. அந்தப் பத்தியே இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

சான்று உங்களிடம் இல்லை என்றால் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது? மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யின் பசுமை விளம்பர வழிகாட்டுதல், 2012இல் திருத்தியது, இதற்கு ஒரு உதாரணமே தருகிறது. ஒரு பொம்மைத் தொழிற்சாலை தன் கூரையில் பேனல் போட்டு "100 சதவீதம் சூரிய சக்தியில் இயங்குகிறோம்" என்று விளம்பரம் செய்கிறது. ஆனால் அந்த மின்சாரத்தின் சான்றுகளை விற்றுவிடுகிறது. இது ஏமாற்று விளம்பரம் என்கிறது ஆணையம். பேனல் தன் தலைக்கு மேலேயே இருந்தும்! 2015 பிப்ரவரியில் வெர்மான்ட்டின் கிரீன் மவுன்டன் பவர் நிறுவனத்துக்கு ஆணையம் கடிதம் எழுதியதும் இதே விவகாரத்தில்தான்; நடவடிக்கை எடுக்கவில்லை, சான்றுகளை விற்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றது. இந்த வழிகாட்டுதல் விளம்பரம் செய்யும் வியாபாரிகளுக்குத்தான். பக்கத்து வீட்டு மாமியிடம் நீங்கள் சொல்வதற்கு யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் கடை, கிளினிக், சாப்பாட்டுக்கடை நடத்துபவர் சந்தா எடுத்துவிட்டு "நாங்கள் சோலாரில் இயங்குகிறோம்" என்று கண்ணாடியில் ஒட்டினால் விஷயம் வேறு. "உள்ளூர் சோலார் திட்டம் ஒன்றின் சந்தாதாரர்" என்று எழுதி, சான்று நம்மிடம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. அது உண்மையும்கூட: சந்தாதாரர் இல்லாமல் அந்தக் கூரையில் பேனல் ஏறியிருக்காது.

கோயிலோ சங்கக் கட்டடமோ கூரையைத் தர நினைத்தால் இதே விதி இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். தட்டைக் கூரையில் 100 கிலோவாட்டுக்குச் சுமார் 10,000 சதுர அடி வேண்டும். தீயணைப்பு வீரர்கள் நடக்க ஓரத்தில் 6 அடி விட வேண்டும். கட்டடம் சிறியதாக இருந்தால் 4 அடி. துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளை வைத்து நிறுத்தும் முறையில் சதுர அடிக்கு 3 முதல் 6 பவுண்டு கூடும். பனியின் எடையோடு சேர்த்து இதைக் கூரை தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். கூரையின் மேலுறைக்கு இன்னும் 15, 20 ஆண்டு ஆயுள் இல்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள். பேனலைக் கழற்றி மாட்டும் செலவு பிறகு கண்ணைக் கட்டும். இதற்கெல்லாம் முன்னால், உங்கள் தெரு லைனில் இடம் இருக்கிறதா என்று மின் நிறுவனத்தின் கொள்ளளவு வரைபடத்தில் பாருங்கள். பல திட்டங்கள் சாவது அங்கேதான், டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் செலவைக் கேட்ட இடத்தில்.

சொந்தமாகவே போட்டுக்கொள்ளும் கோயிலுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி திறந்தது. வருமான வரி கட்டாத அமைப்பும் 30 சதவீத வரிச்சலுகையை ரொக்கமாகவே வாங்கலாம். வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.இல் முன்பதிவு எண் வாங்கி, 990-டி படிவத்தோடு கேட்க வேண்டும். 2025 ஜூலைச் சட்டம் இதற்குக் கெடு வைத்துவிட்டது: 2026 ஜூலை 4க்குள் வேலை தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் 2027 முடிவுக்குள் ஓடத் தொடங்கிவிட வேண்டும். தனி வீட்டுக்காரர் சொந்தப் பணத்தில் போட்டு வாங்கிய 30 சதவீதச் சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. கெடு நெருக்கிய நேரத்தில் வரும் கான்ட்ராக்டர் அவசரப்படுத்துவார். சான்று உரிமை யாருக்கு என்ற பத்தியை அந்த அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். சான்றை விற்ற பிறகு "சூரிய சக்தியில் ஒளிரும் ஆலயம்" என்று நன்கொடைப் பிரசுரத்தில் அச்சிட்டால், அது பொம்மைத் தொழிற்சாலையின் விளம்பரம்தான்.

சந்தாவும் வேண்டும், பசுமையும் வேண்டும் என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது: சான்றைத் தனியாக வாங்குவது. ஆண்டுக்கு 7,200 யூனிட் எரிப்பவருக்கு 8 சான்றுகள் போதும். டெக்சாஸ், ஓக்லஹோமா காற்றாலைகளின் சான்றுகள் கட்டாயச் சந்தைக்கு வெளியே சில டாலர்களுக்கே கிடைக்கும். உள்ளூர் சோலார் சான்றை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அந்த மலிவான காற்றாலைச் சான்றை வாங்கிப் பசுமை உரிமையை மீட்டுக்கொள்வதைப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் வெளிப்படையாகவே செய்கின்றன. சட்டப்படி சரி. ஆனால் அந்த விலையில் ஒரு புதிய காற்றாலையும் எழும்பாது என்பது என் கருத்து. அது இவ்வளவு மலிவாக இருப்பதே தேவைக்கு மேல் குவிந்து கிடப்பதால்தான். அந்த 20, 30 டாலரை ஜன்னல் இடுக்கு அடைக்கப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வாங்குவதென்று முடிவு செய்தால் கிரீன்-ஈ என்ற சான்றளிப்பு அமைப்பின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஒரே சான்று இரண்டு இடத்தில் விற்கப்படாமல் இருக்க அவர்கள் தணிக்கை செய்கிறார்கள், மிகப் பழைய நிலையங்களையும் சேர்ப்பதில்லை. எந்த ஆண்டு உற்பத்தி, எந்த மாநிலம், காற்றா வெயிலா என்று கேளுங்கள். பணம் கட்டியதும் வரும் அழகான சான்றிதழ்ப் படம் ஆதாரம் ஆகாது. உங்கள் பெயரில் அல்லது உங்கள் சார்பில் எந்தப் பதிவேட்டில், எந்தத் தொடர் எண்கள், எந்தத் தேதியில் ரிட்டயர் ஆயின என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு அது பதிவேட்டிலிருந்து எடுத்து அனுப்புகிற ஒரு அறிக்கைதான்.